சோளச் சூப் நிறுத்தம்

சிகுசா முதன்முதலில் பழக்கிய குதிரைக்கு வயது நாற்பத்திரண்டு. மீசை உண்டு. பிறந்தது ராஜஸ்தானில். பெயர் ரத்தோர்.

வட ஜப்பானில், ஹிதாகா மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பண்ணையின் வழக்கம் அப்படி. வேலை கற்க யார் வந்தாலும் குட்டிகளின் வாயில் நேரே கை வைக்க, பண்ணையை நடத்தும் இகராஷி விடமாட்டார். முதல் இரண்டு வாரம் மனிதனைத்தான் ஓட்ட வேண்டும். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, கடிவாள இரும்பை இரண்டு கையாலும் பிடித்தபடி லாயத்து நடுவழியில் நிற்பார். இரும்பின் இரு முனையிலிருந்தும் எட்டு மீட்டர் நீளத்துக்கு வார் பின்னால் போகும். புதியவர் அந்த வாரைப் பிடித்துப் பின்னாலேயே நடந்து, வாய் பேசாமல், அவரை நடக்கவைத்து, திருப்பி, நிறுத்தவேண்டும். குதிரைமேல் ஏறுவதற்கு முன்னால் குட்டிகளை அப்படித்தான் பழக்குவார்கள். பின்னால் நடந்து, வாரால் பேசி.

பதினைந்து வருடமாக அங்கே குதிரை ஓட்டும் ரத்தோர், மனிதக் குதிரையாக நிற்பதில் பெரிய கில்லாடி. கனைப்பார். பின்னங்காலால் உதைப்பார். தீவன மூட்டையைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவார்.

"ஏம்மா, இழுக்காத! கேளு! குதிரைகிட்டக் கேக்கணும். கெணத்துல தண்ணியா எறைக்கிற?"

"குதிரை பேசாது, ரத்தோர்-சான்."

"இது பேசும். இதுக்கு முதுகு வலிக்குதுன்னும் சொல்லும்."

இகராஷி இதையெல்லாம் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தெலும்பு மூன்று முறை முறிந்தவர். சிரிக்கமாட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் தீவன லாரி சாக்கடையில் கவிழ்ந்தபோது ஒரு தடவை சிரித்தார் என்று ரத்தோர் சொல்வார், சாட்சி கிடையாது.

சிகுசாவின் ஊர் ஒசாக்கா பக்கம். அப்பா அங்கே பொதுக் குளியல் கடை வைத்திருக்கிறார். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உயரமான ஒரு மேசை; அதன் பின்னால் ஒரு மெத்தை. அந்த மெத்தையில் ஆறு வருடம் உட்கார்ந்து துண்டும் சோப்பும் எடுத்துக் கொடுத்தாள். இருபத்தைந்து வயதில், கோவில் திருவிழாவுக்கு வந்த குதிரை ஒன்று அவள் முகத்தில் முழுசாகத் தும்மியது. மற்றவர்கள் ஓடினார்கள். அவள் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். மறு ஆகஸ்டில் ஒரு பெட்டியோடு வடக்கே கிளம்பினாள். அப்பா திட்டவில்லை.

"மெத்தையத் துவைச்சுக் காயவச்சு வைக்கிறேன். பனி விழுறதுக்குள்ள வந்துருவ," என்றார். திட்டியிருந்தாலே தேவலை.

பண்ணையில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு அறை, மூன்று வேளைச் சோறு, அப்புறம் குதிரை. அதற்குப் பதிலாக அவர் கொடுப்பது உடம்பு. விடிவதற்கு முன்னால் எழுந்து பன்னிரண்டு கொட்டடியில் லத்தி அள்ளி, ஈர வைக்கோலைப் பிரித்து, தண்ணீர் வாளிகளைத் தூக்கி முடிக்கும்போது தோள்பட்டை தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். உள்ளங்கையில் காய்ப்பு வந்து, அது உடைந்து, அதன்மேல் இன்னொன்று வரும். அதற்குப் பிறகுதான் படிப்பு.

செப்டம்பரில் இகராஷி அவளிடம் ஒன்றரை வயதுக் குதிரை ஒன்றை ஒப்படைத்தார். பந்தயக் குதிரை, ஆனால் இன்னும் பெயர் வைக்கவில்லை. பயறு நிறத்தில் இருந்ததால் லாயத்தில் எல்லோரும் அதை 'அசுகி' என்றார்கள். அசுகி என்றால் அந்த ஊர்ச் சிவப்புப் பயறுதான்.

"ஒரு குட்டிக்கு ஒரே கை. அதான் இங்க சட்டம்," என்றார் இகராஷி. "சேணம் பழகுற வரைக்கும் உன்னைத் தவிர வேற யாரும் இவனைத் தொடமாட்டோம். நவம்பர் கடைசியில இவனோட சொந்தக்காரர் முரோதானி-சான் வர்றார். அவர் கண்ணு முன்னால நீ இவன் மேல ஏறி, கேட்லேர்ந்து ஓட்டப்பாதை வரைக்கும் அமைதியாப் போய்ட்டு வரணும். வந்தா இங்க நீ ஓட்டுற ஆளு. வராட்டி..."

"வராட்டி?"

"காலையில ஏழேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு, ஒசாக்கா."

இகராஷி அவளை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். தங்கிவிட்டால் சொந்தப் பெயர் கிடைக்கும் என்றார் ரத்தோர்.

அசுகி சீக்கிரம் கற்றது. கடிவாள இரும்பை வாயில் வாங்குவதற்கு மற்றக் குட்டிகள் தலையைத் தூக்கி, பல்லைக் கடித்து, அரை மணி நேரம் அழவைக்கும். அசுகி மட்டும் சிகுசா எதிரே போய் நின்றதும் வாயை ஆவென்று திறக்கும். இரும்பு உள்ளே போய்விடும். "என்ன கை உன்னுது!" என்று ரத்தோரே வாயைப் பிளந்தார். எப்படி என்று சிகுசாவுக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு எதுவுமே தெரியாது. பாதித் தூக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

விடிகாலையில் அவளும் அசுகியும் மட்டும் வெளியே போவார்கள். அது முன்னால், அவள் வாரைப் பிடித்தபடி பின்னால். கேட்டைத் தாண்டினால் பாதையோரம் ஒரு சிவப்புப் பெட்டி நிற்கும். காசு போட்டு அமுக்கினால் டப்பாவில் குடிக்க ஏதாவது தள்ளும். கோடையில் குளிர்ந்ததை மட்டும் தரும் அது, அக்டோபர் பிறந்ததும் சூடாகவும் தர ஆரம்பித்தது. அதில் சோளச் சூப்பும் உண்டு.

விரல் விறைத்துப் போகிற காலையில் சூடான டப்பாவைப் பிடிப்பது எப்படியிருக்கும் என்பது, வாளி தூக்கிய கைக்குத்தான் தெரியும். முதல் நாள் டப்பா 'தடால்' என்று விழுந்த சத்தத்தில் அசுகி மூன்றடி துள்ளியது. சிகுசா அதை நிறுத்தி, கிட்டே கூட்டிவந்து காட்டி, பயம் போகட்டும் என்று சூடான டப்பாவை அதன் காதுக்குப் பின்னால் மெல்லத் தேய்த்தாள். அசுகியின் கீழுதடு தொங்கியது. கண் பாதி மூடியது. மறுநாள் சத்தத்துக்கு அது அசையவே இல்லை. 'ஒரு பயத்தைப் போக்கிவிட்டேன்' என்று அவளுக்கு ஒரே பெருமை.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அவள் சூப் குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அசுகியோ இது பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

நவம்பர் நடுவில், இகராஷி ஏலத்துக்குப் போயிருந்த ஒரு நாள், சிகுசா முதன்முறையாக அசுகிமேல் ஏறி மற்றக் குதிரைகளோடு வரிசையில் போனாள். ரத்தோர் முன்னால், அசுகி நடுவில், பின்னால் இன்னும் இரண்டு. கேட்டைத் தாண்டினார்கள். சிவப்புப் பெட்டி வந்தது. அசுகி நின்றது.

சும்மா நிற்கவில்லை. பெட்டிக்கு நேராக உடம்பைத் திருப்பி, நான்கு காலையும் சதுரமாக ஊன்றி, தலையைத் தாழ்த்தி, வலது காதை நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வந்தது அதன் பிட்டத்தில் மோதியது. அதன் பின்னால் வந்தது பயந்து புல்லுக்குள் இறங்கியது. முன்னால் போன ரத்தோர் தனியாகப் போய்க்கொண்டே இருந்தார். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்.

"என்னம்மா, வண்டி நின்னுருச்சு? ஸ்டாப்பிங்கா?"

சிகுசா காலால் அழுத்தினாள். நாக்கால் சொடுக்கினாள். அசுகி பெருமூச்சு விட்டது. காது நீட்டியது நீட்டியபடியே இருந்தது. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ரத்தோர் குதிரையின் கழுத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தார்.

"எத்தனை நாளா?"

"ஒரு... நாப்பது நாள்."

"ஒரு நாள்கூட விடாம?"

"ஞாயித்துக்கிழமையும்தான்."

"தாயே, இவ்வளவு சுத்தமா நான் எந்தக் குதிரைக்கும் எதையும் சொல்லிக் குடுத்ததில்ல! நாளைக்கு ரேஸ் மைதானத்துல பத்தடிக்கு ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். இவன் ஒவ்வொண்ணுலயும் சூப் கேட்டு நிப்பான். மேல உக்காந்திருக்கிற ஜாக்கி மட்டும் தனியாப் பறந்து போவான்."

"சிரிக்காதீங்க. முரோதானி-சான் வர இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்கு."

"ஏழேகால் பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காரு. கடல் தெரியும்."

அன்று பெட்டிக்குள் இருந்த சோளச் சூப்பை வாங்கித் தேய்த்த பிறகே அசுகி நகர்ந்தது. வாங்கிவந்தவர் ரத்தோர். பாதியைக் குடித்தவரும் அவரே.

மறுநாள் சிகுசா பிடிவாதம் பிடித்தாள். நிற்கட்டும், எவ்வளவு நேரம்தான் நிற்கும் என்று மேலேயே உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிடம். அவள் தொப்பியில் பனித்தூள் உட்கார்ந்தது. அசுகிக்கு அவசரமே இல்லை. அதற்கு லத்தி அள்ளும் வேலை கிடையாது.

அதற்கடுத்த நாள், விடிவதற்கு முன்னால் போய்ப் பழைய குதிரைக் கம்பளியால் பெட்டியைப் போர்த்திக் கட்டினாள். அசுகி வந்தது, நின்றது, முகர்ந்தது, கம்பளியின் ஓரத்தைப் பல்லால் கவ்விச் சாவகாசமாக உரித்துப் போட்டது. அந்த நேரம் பார்த்து, பெட்டியில் டப்பா நிரப்ப வருகிற லாரிக்காரர் வந்து சேர்ந்தார்.

"யாருய்யா என் பெட்டிக்குக் கோட்டு மாட்டினது?"

"ஜலதோஷமாம்," என்றார் ரத்தோர், முகத்தை அசைக்காமல்.

மூன்றாம் நாள் சாணிக்குவியலுக்குப் பக்கத்தில் கைவண்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து யோசித்தாள். ஊரில் குளியல் கடைக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. அதை முக்குக்கு மாற்றினார்கள். குளித்துவிட்டு வரும் பாட்டிமார்கள் ஒரு வாரம் பழைய இடத்திலேயே நின்று டிரைவரைத் திட்டினார்கள். அப்புறம்? பஸ் முக்கில்தானே நிற்கிறது. அவர்களும் முக்குக்குப் போனார்கள். யாரும் நிறுத்தத்தை ஒழிக்கவில்லை. தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

"இழுக்கக் கூடாது, கேக்கணும்னீங்கல்ல," என்று ரத்தோரிடம் ஓடினாள். "நிறுத்தத்தை எடுக்கப்போறதில்ல. தள்ளி வைக்கப்போறேன்."

அன்றிலிருந்து முன்கூட்டியே போய் டப்பாவை வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அசுகி பெட்டியருகே நின்றதும், ரத்தோர் அவளிடமிருந்து டப்பாவை வாங்கி, ஐந்து அடி தள்ளி நின்று காட்டினார். அது யோசித்தது. ஐந்து அடி நடந்தது. அங்கே டப்பாவைத் திரும்ப வாங்கிச் சிகுசா காதைத் தேய்த்தாள். மறுநாள் பத்து அடி. அதற்கடுத்த நாள் பதினெட்டு. எட்டாம் நாள், பெட்டியைத் தாண்டி நாற்பது அடி, ஓட்டப்பாதையின் வாசல்வரை நிற்காமல் போனது. தாண்டும்போது ஒரு காதை மட்டும் பெட்டிப்பக்கம் திருப்பி, பழைய கடைக்காரருக்கு வணக்கம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனது.

"காதைத் திருப்பினதுக்கு பஸ் ஏத்தமாட்டாங்க," என்றார் ரத்தோர். சிகுசாவின் நெஞ்சில் டப்பா சுட்ட தழும்பு ஒன்று சிவந்திருந்தது. அதையும் அவள் பெருமையாகவே வைத்துக்கொண்டாள்.

முரோதானி வந்தார். குடை செய்யும் சிறு ஆலை வைத்திருப்பவர். குள்ளமான, எழுபது தாண்டிய மனிதர். வாழ்க்கையில் அவர் வாங்கிய ஒரே குதிரை அசுகிதான். கோட்டுப் பையில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தார். அதில் மூன்று பெயர்கள், மூன்றும் சக்கரவர்த்திகளுக்கு வைக்கிற மாதிரி. இகராஷி அவரைக் கேட்டுக்கு வெளியே இருந்த தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்.

"இங்கயே இருங்க, முரோதானி-சான். இப்ப வருவாங்க."

மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. ரத்தோரின் குதிரை முன்னால் போக, சிகுசா அசுகியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தாள். மூச்சுகூடச் சரியாக விடவில்லை. பெட்டி வந்தது. அசுகியின் காது திரும்பியது. கால் நிற்கவில்லை. ஐந்து அடி, பத்து அடி, இருபது அடி. தாண்டியாயிற்று! ஓட்டப்பாதை வாசல் கண்ணுக்கெதிரே தெரிந்தது. மனதுக்குள் அவள் மெத்தையை எடுத்துக் கொல்லைப்புறம் வீசிவிட்டாள்.

முரோதானிக்குக் கை குளிர்ந்தது. பாவம், வயதானவர். தடுப்பை விட்டு மெல்ல நகர்ந்து, கையில் கிடைத்த காசைப் பெட்டியில் போட்டு அமுக்கினார்.

தடால்.

அசுகி நின்றது. கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தது. அப்புறம், மேலே மூட்டைபோல உட்கார்ந்திருந்த சிகுசாவைச் சுமந்துகொண்டு, நிதானமாக இருபது அடியும் திரும்பி நடந்துவந்து, முரோதானியின் எதிரே நான்கு காலையும் சதுரமாக ஊன்றி நின்று, தலையைத் தாழ்த்தி அவர் மார்பில் நெற்றியைச் சாய்த்து, வலது காதை நீட்டியது.

முரோதானி டப்பாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். "என்னங்க இது? என்ன கேக்குது?"

"உங்களை அடையாளம் கண்டுக்கிச்சு, முதலாளி!" என்று முன்னாலிருந்து ரத்தோர் கத்தினார். "சொந்தக்காரர் யாருன்னு இதுங்களுக்கு வாசனையிலயே தெரிஞ்சிரும்!"

முரோதானியின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. எழுபது வருடத்தில் யாரும் அவரை அப்படி அடையாளம் கண்டதில்லை போலிருந்தது. இகராஷி முரோதானியைப் பார்க்கவில்லை. சிகுசாவைத்தான் பார்த்தார்.

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். முரோதானி சந்தோஷமாக ஊருக்குப் போவார். அவள் இங்கேயே இருப்பாள். ஆனால் நாளைக்கு மைதானத்தில் யாரோ ஒருவன் இதன் முதுகில் ஒன்றும் தெரியாமல் ஏறுவான். பத்தடிக்கு ஒரு பெட்டி. அவனுக்குக் கழுத்தெலும்பு முறியும். இவள் சிரித்த முகத்தோடு எங்கேயோ சூப் குடித்துக்கொண்டிருப்பாள்.

சிகுசா இறங்கினாள். தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினாள்.

"உங்களை இல்லைங்க. உங்க கையில இருக்கிற சூப்பைத்தான் அடையாளம் கண்டுச்சு. நான்தான் பழக்கினேன். தெரிஞ்சு பழக்கல. தப்பு என்னுது."

ரத்தோர் கண்ணை மூடிக்கொண்டார். முரோதானி டப்பாவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்.

"சூப்பை இவனுக்கு என்ன பண்ணணும்?"

"காதுக்குப் பின்னால... தேய்க்கணுங்க."

அவர் தேய்த்தார். அசுகியின் உதடு தொங்கியது. குடை முதலாளியின் நல்ல கோட்டில் ஒரு முழம் எச்சில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. மற்றொரு கையால் பையிலிருந்த காகிதத்தை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளினார். சக்கரவர்த்திப் பெயர் எதுவும் இதற்குச் சரிப்படாது.

இகராஷி பேசினார். "எத்தனை நாள் நிறுத்தின?"

"நாப்பது நாள்."

"நிக்காமப் போகவைக்க?"

"எட்டு நாள். இடத்தை மாத்திட்டேன். சத்தத்தை மறந்துட்டேன்."

"ம்."

"நான் போய் என் துணிப்பெட்டியக் கட்டட்டுமா, இகராஷி-சான்?"

"எங்க போற?" இகராஷியின் குரல் உயரவில்லை. "நீ பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்ட்டா, இவனுக்குள்ள இன்னும் என்னென்ன போட்டு வச்சிருக்கன்னு யாருக்குத் தெரியும்? நாங்க ஒண்ணொண்ணா விழுந்து விழுந்து கண்டுபிடிக்கணுமா? போட்டது நீ. எல்லாத்தையும் நீயே வெளிய எடு. எடுத்து முடிக்கிற வரைக்கும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது."

சிகுசாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மறுபடியும் குனிந்தாள். இந்த முறை நிமிரவே மறந்துவிட்டாள்.

"சூப்பை மட்டும் விட்டு வைங்களேன்," என்றார் முரோதானி மெதுவாக. "ஜெயிச்சு வந்தா குடுக்கலாம்ல?"

"தோத்தாலும் நீங்க குடுப்பீங்க," என்றார் இகராஷி. பிறகு திரும்பினார். "வேற ஏதாவது இருக்கா, சிகுசா? இப்பவே சொல்லிரு."

பெயரைச் சொல்லிவிட்டார்! சிகுசா மனதார யோசித்துப் பார்த்தாள். "வேற எதுவும் இல்லைங்க."

அன்று மத்தியானமே அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள்: மெத்தையை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். அப்பா பதில் போட்டார்: பூனை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.

மறுநாள் விடிகாலையில் ஒரே கை என்கிற சட்டம் முடிந்தது. இகராஷியே கடிவாளத்தை எடுத்துக்கொண்டு அசுகியின் கொட்டடிக்குள் போனார். இரும்பை வாயருகே கொண்டுபோனார். அசுகி சாத்திய கடைக் கதவுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டது. உதட்டோரம் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். தேன் தடவிப் பார்த்தார். முப்பது வருடக் கை. ம்ஹூம்.

"என்ன கையி, என்ன கையின்னு இவளைப் புகழ்ந்தீங்களே," என்று ரத்தோரை முறைத்தார்.

அந்த நேரம் சிகுசா லத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான்கு மணியிலிருந்து ஏழு கொட்டடி முடித்திருந்தாள். வண்டியை நிறுத்தி, அசுகிக்கு எதிரே நின்று, காதுவரைக்கும் வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

அசுகி அவளைப் பார்த்து, ஆவென்று, கடைவாய்ப்பல் தெரியத் தானும் வாயைத் திறந்தது.

சிகுசா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அசுகியும் மூடிக்கொண்டது. ரத்தோர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்; அவர் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

இகராஷி மெதுவாகச் சிகுசா பக்கம் திரும்பினார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவரும் நான்கு மணிக்கு எழுந்தவர்தானே, வந்தது கொட்டாவி.

அசுகி மறுபடியும் வாயைத் திறந்தது. இந்த முறை இரும்பு உள்ளே போய்விட்டது.